புனித ஓட்ரிக்கின் தங்கை

மேல்வீதி,
மரியாளின் பிறந்தநாள் கழிந்த வியாழன்

பிரியமுள்ள அண்ணன் அன்ஸ்பெர்ட்டுக்கு,

மழித்த தலை குளிர்கிறதா? கேட்கச் சொன்னது அம்மா; சிரித்தது நான்.

துறவியானவன் எதற்கு எங்கள் கோயிலின் புனிதர் கதைப் புத்தகத்தைத் துருவுகிறாய்? பூச்சி அரித்துவிட்டதாம், புதிதாகப் படியெடுக்கிறாயாம். இத்தனை வருடம் வராத பூச்சி, உங்கள் புது மடாதிபதியின் பெட்டிக்குள் ஒளிந்து வந்ததோ?

மனைவியுள்ள குருக்கள் மனைவியை விட வேண்டும், அல்லது வீட்டை விட வேண்டும் என்பது அவர் உத்தரவு. அப்பாவுக்கு இருக்கும் ஒரே பிடி நம் புனித ஓட்ரிக். அப்பாவைப் போல அவரும் குருதான், அவர் மனைவி கெர்லா ஏழைகளுக்கு ரொட்டி சுட்ட கதையைத் திருநாளன்று ஆயர் முன் வாசிப்பார்கள். அதைக் கேட்டபின் உங்கள் மடாதிபதி அம்மாவை எப்படி விரட்டுவார்?

கெர்லா மேல் உன் இறகுப் பேனா படக்கூடாது. பழைய எழுத்தைப் படித்துச் சொல்ல அப்பாவை ஒரு வாரமாக அங்கேயே வைத்திருக்கிறாயே, சாப்பிடுகிறாரா?

சந்தேகத்துடன்,
ரிகில்டா


திருநாள் மாலை

அன்ஸ்பெர்ட்,

'பிரியமுள்ள' இல்லை, கவனி.

"ஓட்ரிக்கின் கன்னித் தங்கை கெர்லா" என்று வாசித்தார்கள். ஆயர் தலையாட்டினார். ரொட்டிக்காரி உரக்கவே கேட்டாள்: "ஏன்டி, போன வருசம் வரைக்கும் பொண்டாட்டியாத்தானே இருந்தா?" அம்மா துறவிகள் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். உன் கோணல் எழுத்து. அப்பா எங்கே?

ரிகில்டா


மடம்,
மறுநாள்

தங்கைக்கு,

கை என்னுடையதுதான். 'மனைவி' என்றே எழுதியிருந்தேன். சுரண்டி மாற்றச் சொன்னது அப்பா; மாற்றினால் மடத்தில் சேர்த்துக்கொள்வதாக மடாதிபதி வாக்களித்திருந்தார்.

"அப்ப அம்மா?" என்றேன்.

"எனக்கு வேற ஊர் தெரியாதுடா. புனிதர் பக்கத்துலயே செத்துப்போறேன்," என்றார்.

நேற்று மூன்றாம் வரிசையில் முக்காடிட்டு நின்ற புதுத் துறவி அவர்தான். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு.

அன்ஸ்பெர்ட்


மேல்வீதி,
ஞாயிறு

அண்ணா,

சொல்லத் தேவைப்படவில்லை. அந்த வரிசையில் இருமல் கேட்டபோதே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதாம்.

நாளை மாமா ஊருக்குப் போகிறோம். அப்பாவின் கம்பளிக் காலுறைகளை வண்டிக்காரர் கொண்டுவருவார். அவற்றுக்குள், பட்டால் அரிக்கும் காஞ்சொறி இலை திணித்திருந்தேன். காலையில் பார்த்தால், அம்மா ஒவ்வொரு இலையாக எடுத்து எறிந்துவிட்டு, உதறி, மடித்து வைத்திருக்கிறாள். கை முழுக்கத் தடிப்பு.

"மருந்து போடும்மா," என்றேன்.

"அதுபாட்டுக்குப் போயிரும்டி," என்றாள்.

மறுபடி திணிக்க எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் இதைச் சொல்லாதே.

ரிகில்டா