சிவப்பு கணக்கில்லை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். வழக்கத்துக்கு எழுதுகிற நலம் இல்லை இது. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து டாக்டர் சொன்ன நலம். ஃபோனில் சொல்லலாம் என்றால் பாதியில் இருமல் வந்து, ‘அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள்.

நான் சேரப்போகிற குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேரும் எல்லாருக்கும் காசநோய்க்கான தோல் சோதனை உண்டு. முன்கையில் சின்னதாக ஓர் ஊசி. இரண்டு மூன்று நாளில் அந்த இடத்தைப் பார்ப்பார்கள். அதற்குள் சிவந்துவிட்டதே என்று பயந்து உங்களுக்குப் படம் அனுப்பினேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும். பெரிய டாக்டர் மாதிரி வெளிநாட்டில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். ‘உனக்கு டிபிதான், பாப்பாவை அக்கா வீட்டுக்கு அனுப்பிடு’ என்றீர்கள். உங்கள் அக்கா உள்ளேகூட வரவில்லை. வாசலிலேயே நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பாப்பாவின் துணிப்பையைக் கீழே வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு குழந்தையைக் கூட்டிப் போனார். பாப்பா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் அப்படி என்ன குற்றம் செய்துவிட்டேன்?

நர்சம்மா அந்தச் சிவப்பை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. விரலால் தடவி, தடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பேனாவால் குறித்து, குறுக்கே அளந்தார். சிவப்பு கணக்கில்லையாம், கெட்டியான தடிப்புதான் கணக்காம். அது படத்தில் தெரியாது, தொட்டால்தான் தெரியும். அந்த வாரம் என்னைத் தொட்டது அவர் ஒருவர்தான்.

தடிப்பு இருந்தது. மறைக்கவில்லை. ஆனால் அதற்கு நோய் என்று அர்த்தம் இல்லை. எப்போதோ கிருமி உடம்புக்குள் வந்து தூங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, நெஞ்சுப் படமும் சுத்தம். என்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. கிருமி விழித்துக்கொள்ளாமல் இருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார். வேலையிலும் சேரலாம்.

பிறகுதான் கேட்டார், ‘வீட்டுல யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருக்காம்மா?’ என்று. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. போன லீவு முழுக்க நீங்கள் இருமினீர்கள். ‘ஏசி ஒத்துக்கல’ என்றீர்கள். சட்டை தொளதொளவென்று தொங்கியது. கேட்டால், ‘ஹீரோ மாதிரி இளைச்சிருக்கேன்’ என்று சிரித்தீர்கள். பாப்பா உங்கள் நெஞ்சின் மேல்தான் தூங்கினாள். யாரிடமிருந்து வந்தது என்று இந்தச் சோதனை சொல்லாதாம். உங்களிடமிருந்துதான் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் இருமுகிற நீங்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு இருமாதவளை ஒதுக்கி வைத்தீர்களே, அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

கோபத்தை விடப் பயம்தான் அதிகம். தெரிந்தால் கம்பெனியில் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதானே பொத்தி வைத்திருக்கிறீர்கள்? அனுப்பட்டும். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியைக் கொடுங்கள், நெஞ்சுப் படம் எடுங்கள். நோயே என்றாலும் மாத்திரையை நடுவில் விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடுமாம். பாப்பாவை என்னிடம் திருப்பி அனுப்பும்படி உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள். அவளுக்கும் இந்த ஊசியைப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போது அவள் கையை நான்தான் பிடித்துக்கொள்வேன்.

என்ன வந்தாலும் மறைக்காமல் சொல்லிவிட்டு வாருங்கள். உங்களை நான் வாசலில் நிற்க வைக்க மாட்டேன்.

கோபம் ஆறாத,
உங்கள் மனைவி