இடாப்பில் மகன் பெயர்

மாசி 10, செவ்வாய்

முதலாளிதான் மாணிக்கம் ஐயாவின் மூன்று விரல்களை எடுத்தவர். வேறு எங்கும் இதை எழுத முடியாது. இங்கே எழுதுகிறேன்.

காலையிலிருந்து வானம் மப்பு. களத்தில் அவித்த நெல் காயவில்லை. ஈர நெல், நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் வாயில் அடைத்துக்கொண்டது. மெஷினை நிறுத்தாமல் கையால் தள்ளிவிடுவது இந்த அரிசி மில்லின் வழக்கம். நிறுத்தினால் திரும்ப ஓடவைக்க அரை மணி. ஐயா தள்ளினார். பெல்ட்டுக்கு மூடி இல்லை. பொங்கலுக்கு முன்பே கழற்றியாயிற்று, கடகடவென்று சத்தம் போடுகிறதாம். வலது கை.

ஐயாவுக்கு அறுபத்தெட்டு. காது மந்தம். ஜெயபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு மில் வானில். சீற்றில் இரத்தம் படாமல் சாக்கு விரித்தார்கள். முதலில் சாக்கு, பிறகு ஆள்.

அம்மாவுக்குப் பனடோல் மாத்திரை வாங்க மறந்துபோனேன்.

மாசி 11, புதன்

நல்ல வெயில். பெல்ட்டுக்கு மூடி வந்துவிட்டது! பச்சைப் பெயின்ற், தொட்டால் விரலில் ஒட்டுகிறது. பூட்டியது யார்? ஒருவருக்கும் தெரியாதாம்.

மில்லுக்குள் இருக்கும் கமெரா பழுதாம். எப்போதிருந்து? "போன கிழமையே பழுது, பிள்ளை," என்கிறார் மனேஜர். நேற்றுக் காலை அதே கமெராவில் பார்த்துத்தான் நான் போன் நோண்டியதற்கு ஏசினார்.

ஆஸ்பத்திரிப் பொலிசுக்கு மனேஜர் சொன்னதை வான் டிரைவர் சொன்னார்: "அவர் எங்கடை ஆள் இல்லை. மகனுக்குச் சாப்பாடு குடுக்க வந்தவர். சொல்லாமல் உள்ளுக்கை போயிட்டார்."

மகன் ரவி கட்டாரில். போய் இரண்டு வருடம்.

ஆனால் வரவு இடாப்பில் ரவி தினமும் வேலைக்கு வருகிறான். எழுதுகிறவள் நான். அறுபது தாண்டியவர்கள் இங்கே வேலை செய்வது வெளியே தெரியக்கூடாது, முதலாளி உத்தரவு. ஆகவே வயதானவர்கள் ஐந்து பேரும் மகன்மாரின் பெயரில், மகன்மாரின் அடையாள அட்டைப் பிரதியில். காலையில் நான் கூப்பிடுவேன், "ரவி!" ஐயா, "வந்துட்டேன் புள்ள." பக்கத்தில் நிற்கும் சிவபாலன் மாமா (இடாப்பில் கஜன்) விடமாட்டார்: "என்ன தம்பி ரவி, இந்த வயசிலையே தலை வெளுத்துப்போச்சு?" ஐயா: "எல்லாம் கட்டார் வெயிலுங்க." எல்லோரும் சிரிப்போம். நானும்.

மாலை மனேஜர் எனக்கு ரோல்ஸ் வாங்கித் தந்தார். ஒன்றரை வருடத்தில் முதல் தடவை. சாப்பிடவில்லை.

மாசி 12, வியாழன்

தொழில் அலுவலகத்தில் விசாரித்தேன். மில்லில் வேலை செய்தவர் என்று காட்டினால் நட்டஈடு கேட்கலாம். காட்ட வேண்டியது: இடாப்பு, அல்லது கூட வேலை செய்தவர்களின் ஒப்பம். இரண்டும் இல்லையென்றால் ஐயா வெறும் வழிப்போக்கர்.

பிறகு ஆஸ்பத்திரி. வாசலில் வான் டிரைவர். "சும்மா வந்தனான்," என்றார். ஆஸ்பத்திரிக்கு யார் சும்மா வருகிறார்கள்?

தோடம்பழம் கொண்டுபோனேன். ஒரு கையால் உரிக்க முடியாது என்பது அங்கே போனபிறகுதான் புத்தியில் பட்டது. நான் உரித்தேன்.

"வேணாம் புள்ள," என்றார் ஐயா. "இதக் கெளப்புனா மத்த நாலு பேரையும் வெளிய போட்ருவாங்க. ரெண்டு வெரல் இருக்குல்ல. களம் கூட்டலாம்."

"ஐயா, உங்களை ஆரெண்டே தெரியாதெண்டு சொல்லுறாங்கள்."

"ரவியத் தெரியும்ல?"

ஐயா சிரிக்கவில்லை. சுளையைக் கையில் வைத்தபடி கேட்டார்: "அன்னிக்கு நீதானே கூப்புட்ட?"

மாசி 13, வெள்ளி

மில்லில் பேச்சு. மனேஜர் போனில்: "அது தோட்டப்பக்கத்து ஆக்கள். ரெண்டு கிழமையிலை அடங்கிடுவினம்." ஐயாவுடையது எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வந்த குடும்பம். அடங்கிவிடுமாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஆட்களின் வாய் இது.

செவ்வாய்க்கிழமை எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

தராசடியில் நின்றேன். ஐயாவின் சட்டைக் கை பெல்ட்டுக்குக் கிட்ட. கத்தினேன்: "ரவி! ரவி! கையை எடுங்கோ!" ஒன்றரை வருடப் பழக்கம், அந்தப் பெயர்தான் வாயில் வந்தது. மந்தக் காதில் பெயர் மட்டும்தான் விழுந்ததாக்கும், ஐயா கையை எடுக்கவில்லை. தலையைத் தூக்கி வாசல் கேற்றைப் பார்த்தார். மகன் வந்துவிட்டான் என்று நினைத்திருக்கிறார். முகம் மலர்ந்தது, நான் கண்டேன். அதற்குப் பிறகுதான் பெல்ட்.

நேற்று ஐயாவிடம், "ஓம், நான்தான்," என்றேன். அவர் ஒரு தோடம்பழச் சுளையை என் பக்கம் தள்ளினார்.

மாசி 14, சனி

மேசையில் புது இடாப்பு. ரவி இல்லை. பழையது?

"கறையான் அரிச்சிட்டுது, பிள்ளை. எரிச்சாச்சு."

நேற்று மத்தியானம் வரை என் மேசை லாச்சியில் இருந்த புத்தகம். ஒரே இரவில் தின்ற கறையான்! போனில் படம் எடுக்காதது என் மடத்தனம்.

இனி இருப்பது ஒப்பம் மட்டும்.

மாசி 16, திங்கள்

பனி. ஆறே முக்கால். மனேஜர் வருமுன் தாளை வெளியே எடுத்தேன். 'செவ்வாய்க்கிழமை மாணிக்கம் இந்த மில்லில் வேலை செய்துகொண்டிருந்தார்.' முதல் ஒப்பம் என்னுடையது. வேலை போகும், தெரியும். கீழே நாலு வெற்றுக் கோடு.

நாலு பேரும் வழக்கம்போல வரிசையில். நான் கூப்பிடும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள். இடாப்பை மூடினேன்.

"இண்டைக்கு மகன்மாரின்ரை பேர் வேண்டாம். உங்கடை பேரைச் சொல்லி, இதிலை ஒப்பம் வையுங்கோ."

ஒருவர் செருப்பால் நெல்லை ஒதுக்கினார். ஒருவர் இருமினார். சிவபாலன் மாமா சாரத்தை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார், இன்றைக்குப் பகிடி இல்லை. கேற்றுக்கு வெளியே மனேஜரின் மோட்டார் சைக்கிள் சத்தம்.

பேனையை அவரிடம் நீட்டினேன்.

"உங்கடை பேரைச் சொல்லுங்கோ, மாமா."