பெயர் மாற்றப்பட்டுள்ளது

கடைக்குட்டிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். இங்கே யாரும் நலமாக இல்லை, அதற்கு நீதான் காரணம். இதைக் கொண்டுவந்தவர்களை முதலில் உள்ளே உட்கார வை. சூடாக ஏதாவது குடிக்கக் கொடு. அப்புறம் படி.

உன் புத்தகம் பத்து நாள் முன்பு வந்தது. வாத்தியார்தான் வாங்கி வந்தார். மலைப் பெண்களின் வரலாறு, எழுதியது நம் ஊர்ப் பெண் என்று அவருக்கு அப்படியொரு பெருமை. மளிகைக் கடை பெஞ்சில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். லாரி டிரைவர், மில்லுக்காரர், என் தம்பி, அதாவது உன் அருமை அண்ணன், எல்லாரும் இருந்தார்கள். உப்பு வாங்கப் போன நானும் நின்று கேட்டேன். இந்தப் பாதை போட்டபோது கல் சுமந்தவர்கள் பெண்கள், பாலத்துக் கல்லில் பொறித்ததெல்லாம் ஆண்கள் பெயர் என்று எழுதியிருந்தாய். சத்தியமாகச் சொல்கிறேன், அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த அத்தியாயத்தில்தான் குடியைக் கெடுத்தாய். உன் அண்ணிக்கு ஏதோ ஒரு பூவின் பெயர் வைத்து, பக்கத்திலேயே ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று போட்டிருந்தாய். அதற்கு அடுத்த வரி, தினமும் காலையில் இரண்டு பால் கேன்களோடு பாலம் தாண்டி இறங்குகிறவள் என்று. அடி புத்திசாலி! இந்த ஊரில் யாரை யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்? தையல்காரி, பால்காரி, மில்லுக்காரர் மருமகள், மூத்தவள். உன்னையே கடைக்குட்டி என்றால்தான் தெரியும். என் பெயர் என்னவென்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி முழிப்பாள். பெயரை மாற்றிவிட்டு வேலையை அப்படியே விட்டாயே. வெளியூர்க்காரி செய்திருந்தால் தெரியாத்தனம் என்று விட்டிருப்பேன். நீ இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

அவள் உன்னிடம் அதைச் சொன்ன இடம் எது? விறகுச் சுமையை இறக்கிவைத்து மூச்சு வாங்கும் பாறை. ஆண்கள் எட்டிப் பார்க்காத இடம் அது ஒன்றுதான். உன் பட்ட ஆராய்ச்சிக்கென்று மூன்று வாரம் எங்களோடு ஏறி இறங்கினாய், ஒரு சுள்ளியைக்கூடத் தூக்காமல், அந்த ரெக்கார்டரை மட்டும் தூக்கிக்கொண்டு. புருஷனின் தங்கச்சி, நம்மவள்தானே என்று அவளும் வாயைத் திறந்தாள். ஆறு வருஷமாக ஒரு பை கட்டி வைத்திருப்பதாகவும், மகள் பத்தாவது முடித்ததும் இரண்டு பேரும் போய்விடப் போவதாகவும், அவன் கை நீட்டும் நாளெல்லாம் போய் அந்தப் பையைத் தொட்டுப் பார்ப்பதாகவும், அது நாத்தனார் வீட்டுப் புல் பரணில் இருப்பதாகவும் சொன்னாள். ஒன்று விடாமல் எழுதிவிட்டாய். அந்த நாத்தனார் நான்தானே!

வாத்தியார் பாதியில் நிறுத்திவிட்டார். நிறுத்தி என்ன பிரயோஜனம்? தம்பி நேராக என் வீட்டுக்கு வந்து, பரணில் ஏறி, பையை இழுத்துப்போட்டு என் அடுப்பிலேயே வைத்துக் கொளுத்தினான். அவள் கல்யாணத்துக்கு முன் படித்து வாங்கிய சான்றிதழும் அதில் போயிற்று. “கூடப்பொறந்தவளாடி நீ? கூட இருந்தே குழி பறிச்சியா?” என்று கேட்டான். அதன்பின் அவன் வீட்டுக்குள் நடந்ததை எழுத மாட்டேன். எழுதினால் அதையும் அச்சில் ஏற்றுவாய். அவள் இடது கண்ணை நீயே பார்த்துக்கொள்.

இப்போது நான் பாறையில் சுமையை இறக்கினால் மற்றவர்கள் எழுந்து போகிறார்கள். தையல்காரி முகத்துக்கு நேரே கேட்டாள், “எங்க வயித்தெரிச்சலை வித்துத்தானே உன் தங்கச்சி பட்டம் வாங்கினா?” என்று. என்னை ‘மௌன எதிர்ப்பு’ என்று பாராட்டியிருக்கிறாயாம். நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தவரை அந்தப் பை பத்திரமாக இருந்தது. முன்னுரையில் எங்களுக்கெல்லாம் நன்றி வேறு சொல்லியிருக்கிறாயாம். அதை நீயே வைத்துக்கொள்.

பால் இறங்காவிட்டால் வீடு நடக்காது, அதனால் அதை மட்டும் அவன் நிறுத்தவில்லை. பாலம் வரை காவலுக்குக் கூடவே வருகிறான். நாளைக்கும் பாலம் வரை வந்து திரும்பிவிடுவான்; அங்கிருந்து இவர்கள் இரண்டு பேரும் உன்னிடம் வருகிறார்கள். கறந்ததைக் கன்றுகளுக்கே விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். ஒரு கேனில் அவள் துணி, இன்னொன்றில் மகள் துணி. தூக்கிப் பார்ப்பானோ என்று அவள் கேட்டாள். பதினாறு வருஷத்தில் ஒரு நாள் தூக்கியிருக்கிறானா, நாளைக்கு மட்டும் தூக்க? மகள் பள்ளிச் சீருடையில்தான் வருவாள். அவளுடைய மாற்றுச் சான்றிதழை வாத்தியார் யாருக்கும் சொல்லாமல் எழுதிக் கொடுத்தார். படித்த பாவத்துக்கு அவர் தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டார். இனி உன் முறை.

உன் பேப்பர்கள் குவிந்து கிடக்கும் உள்ளறையைக் காலி பண்ணு. மகள் பத்தாவது பரீட்சை எழுத அங்கே ஒரு பள்ளிக்கூடம் பார். அண்ணன் வந்து கதவைத் தட்டினால், இதுவரை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே இருந்த நீ, ஒரே ஒரு தடவை தெரியாது என்று சொல். ரெக்கார்டரைப் பெட்டியில் போட்டுப் பூட்டு. அவள் ராத்திரி தூக்கத்தில் ஏதாவது உளறினால்கூட எழுதாதே. இங்கே அவன் என்னைக் கேட்பான். கேட்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

நன்றாயிரு என்று எழுதக் கை வரவில்லை. அவர்கள் இரண்டு பேரையும் நன்றாக வைத்திரு. அது நடந்தபின் அந்த வார்த்தையை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த மூத்தவள்

படித்து முடித்ததும் இதை அடுப்பில் போடு. அவள் கண் முன்னாலேயே போடு.