கன்னத்து மூச்சு

வட்டவளை
12.6.1958

தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஐயாவுக்கு உங்க பொஞ்சாதி எழுதுறது.

அம்மா வீட்டுல இருந்து திரும்பி வரச் சொல்லியிருக்கீங்க. துரையோட சம்சாரம் துரைசாணி முன்னால உங்க கௌரவம் போகுதாமே!

நம்ம பிள்ளை மூச்சில்லாம பொறந்தப்ப, மருத்துவச்சி சுகிர்தம் கன்னத்துல அடங்குற காத்தை மட்டுந்தான் ஊதினா. லயத்துக் கூலிக்காரங்க பிள்ளைங்களுக்கு அவ வச்சிருக்கிற அளவு அது. உங்களுக்கு அது பட்டிக்காட்டு வைத்தியம். வாசல்ல துரைசாணி வந்து நிக்கவும் அவளைத் தள்ளிட்டு, பெரியவங்களுக்கு மூச்சுக் கொடுக்குற ரப்பர் பையை ரெண்டு கையாலயும் அமுக்குனீங்க. “மெதுவாங்க, பிஞ்சு நெஞ்சுங்க”ன்னு அவ கத்தினா. நெஞ்சு உப்புச்சு, இறங்கவேயில்லை.

ரெஜிஸ்டர்ல ‘செத்துப் பொறந்தது’ன்னு எழுதினீங்களாம். கெட்டிக்காரர்தான்.

இப்படிக்கு,
சுகிர்தம் ஊதினப்ப அவன் அழுததைக் கேட்ட அம்மா.