வெள்ளத்தாய் பெயரில் வந்த அட்டை

மே 20, 2024

செய்திமடலோடு வைத்து அனுப்பிய பதில் அட்டைகளில் இன்றோடு நாற்பத்தொன்று திரும்பி வந்துவிட்டன. மாற்றுத்திறனாளிகளுக்காக மாதம் எட்டுப் பக்கம் கொண்டுவருகிறோம். யாராவது வாசிக்கிறார்களா என்றே சந்தேகமாக இருந்தது. ராஜபாளையம் ஆபீஸில் மின்விசிறியை அணைத்துவிட்டு அட்டைகளைத் தரையில் பரப்பி, டிக் அடித்திருந்ததை எண்ணினேன். காலிப்பர் இரும்பு மாட்டிய காலோடு தரையில் உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். பரவாயில்லை, சந்தோஷமாக இருந்தது.

மூன்றாம் பக்கச் சட்டப் பகுதி வேண்டாம் என்று முப்பத்திரண்டு பேர். ‘குடும்பத்தில் சண்டை வருகிறது.’ ‘சமையல் குறிப்பு போடவும்.’

மே 23

சங்கச் செயலாளர் வேங்கடேசன் சாரிடம் காட்டினேன். “வாசிக்கிறவங்க கேக்கதைக் குடுப்போம்மா. நம்ம ஆசைக்கா நடத்துதோம்?” என்றார்.

ஜூனுக்கு எழுதி முடித்திருந்தது விடுதலைப் பத்திரம் பற்றி. சொத்துப் பங்கை விட்டுக்கொடுக்கும் அந்தத் தாளில் கைநாட்டு வைக்கும் முன் யாரை வாசிக்கச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று. எடுத்துவிட்டேன். கேட்டுவிட்டுப் பதிலை மதிக்காமல் இருப்பது அசிங்கம் இல்லையா? அந்த இடத்தில் நாட்டுக்கோழிக் குழம்பு.

ஜூன் 11

பாராட்டி நாலு ஃபோன். “எங்க புள்ளைக்கு ரொம்பப் புடிச்சிருக்கு” என்று நாலு வீட்டிலும் சொன்னார்கள்.

ஜூலை 18

வன்னியம்பட்டி வெள்ளத்தாய் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவள் அப்பா விட்டுப்போன வீட்டில் இருந்த பங்கை அண்ணன் பால்ச்சாமி போன வாரம் எழுதி வாங்கிவிட்டான். அடையாள அட்டை புதுப்பிக்க என்று சொல்லிப் பதிவாபீஸுக்குக் கூட்டிப்போயிருக்கிறான்.

“விவரம்லாம் தெரியுமான்னு அங்க கேட்டாவ. என்ன கேட்டாலும் தெரியும்னு சொல்லுன்னு அண்ணன் சொல்லியிருந்துச்சு. சொன்னேன். இப்ப ரூமைக் காலி பண்ணுங்குது.”

மடலை யார் வாசித்துக் காட்டுகிறார்கள் என்று கேட்டேன்.

“மதினிதான். இது உனக்கு வேண்டாம்னு பாதியத் தள்ளிருவாவ. கோழிக் குழம்பை மட்டும் ரெண்டு தடவ வாசிச்சாவ.” சிரித்தாள். “வச்சது நாந்தான்.”

“அட்டையில சட்டப் பக்கம் வேண்டாம்னு போட்டிருந்தீங்களே?”

“என்ன அட்டை?”

அவள் போனபின் அட்டைக் கட்டை அவிழ்த்தேன். பதினேழாவது அட்டை. ‘இப்படிக்கு, வெள்ளத்தாய்.’ நீல மையில், முத்து முத்தாக. கண் தெரியாதவளின் கையெழுத்து. அதையும் ஒன்று என்று எண்ணியவள் நான்.

ஜூலை 19

விடுதலைப் பத்திரப் பக்கத்தை அச்சடித்திருந்தாலும் மதினிதானே வாசித்திருப்பாள்? நேற்றிலிருந்து இதையே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் வாசித்திருக்கலாம். டீக்கடையில் யாராவது வாசித்திருக்கலாம். ஏட்டி விஜி, எதுக்கு எடுத்த? இம்புட்டுப் புஸ்தகம் படிச்சு என்னத்தக் கண்ட? வாசகர் விருப்பமாம்.

ஜூலை 22

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். “வழக்குப் போடலாம்மா. வருஷக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் அந்தப் புள்ள எங்க இருக்கும்?” பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். எத்தனை நாளைக்கு?

ஜூலை 24

எல்லா அட்டைகளையும் இன்று பெயரோடு வாசித்தேன். கை வராதவர்கள், எழுத்தே தெரியாதவர்கள் எல்லாரும் அழகாக எழுதியிருக்கிறார்கள்.

முப்பத்தெட்டாவது என் பெயர். உறுப்பினர் என்பதால் எங்கள் வீட்டுக்கும் ஒரு மடல் போகிறது. ‘சட்டப் பகுதி வேண்டாம். இப்படிக்கு, பொ. விஜி.’ அப்பாவின் சாய்ந்த எழுத்து.

சாப்பிடும்போது கேட்டேன்.

“நீ வேலையா இருந்த. உஞ் சார்பா எழுதுனேன். அதுல என்ன தப்பு?”

“சட்டம் வேண்டாம்னு ஏன்ப்பா போட்டீங்க?”

“ஒனக்கு எதுக்குச் சட்டம்? தம்பி இருக்கான், பாத்துக்கிடுவான்.”

விபத்துக்குப் பிறகு ஆறு வருஷம் என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டவர். கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு சுலபம்.

ஆகஸ்ட் 12

மூன்றாம் பக்கத்தில் சட்டப் பகுதி திரும்ப வந்துவிட்டது. இனி அட்டை கிடையாது, வீட்டுக்குப் போய் உறுப்பினரிடமே தனியாகக் கேட்பேன் என்றேன். “பஸ்ல ஏறி எறங்கணுமேம்மா” என்றார் சார். தினமும் எப்படி ஆபீஸுக்கு வருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரோ.

ஆகஸ்ட் 27

மடல் இனி அனுப்ப வேண்டாம் என்று பதினோரு கடிதங்கள். அவையும் உறுப்பினர் பெயரில்தான்.

வன்னியம்பட்டிக்குப் போனேன். விடுதலைப் பத்திரம் பக்கத்தை வெள்ளத்தாய்க்கு நானே வாசித்தேன். ஒரு வரி விடாமல். “நல்லாத்தான் எழுதியிருக்கிய. ரெண்டு மாசம் முந்தி வாசிச்சிருக்கலாம்” என்றாள்.

செப்டம்பர் 2

காலையில் தம்பி ஆல்வின் பைக்கை வாசலில் நிறுத்திக்கொண்டு கூப்பிட்டான். “அக்கா, ஏறு. பதிவாபீஸ் வரைக்கும் போய்ட்டு வந்துருவோம். செத்த நேரந்தான். ஒரே ஒரு கையெழுத்து.”

“தாளைக் குடு. வாசிச்சிட்டு வாரேன்.”

“எங்க மேல நம்பிக்கை இல்லையோ?”

கையை நீட்டியபடியே நின்றேன். அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். பைக் அணைந்தது.

அம்மா காபி கொண்டுவந்தாள். மூன்று டம்ளர். வீட்டில் நாங்கள் நாலு பேர்.