லிப்டில் கும்பிட்ட பேய்

செவ்வாய்க்கிழமை

எரிச்சல் இன்னும் தணியவில்லை. முதல் படத்தில் நான் சுரங்கத்தில் அலையும் தொழிலாளிப் பேய். இரண்டாம் பாகத்தில் அந்தப் பேயைப் பெங்களூர் மாலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்று லிப்டில் ஏறும் காட்சி. ஏழு முறை எடுத்தார்கள். நடிக்க வருமுன் நிஜமாகவே சுரங்கத்தில் வேலை பார்த்தவன் நான்; உள்ளே இறக்கும் கேஜில் வருஷக்கணக்காக ஏறிய பழக்கம். ஏழு முறையும் கை தானாக வாசலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

"பேய் எங்கயாவது சாமி கும்பிடுமா சார்?" என்று கத்திய டைரக்டர், கடைசியில் "இருக்கட்டும், ஜனங்க சிரிப்பாங்க" என்று விட்டுவிட்டார்.

மாரிகுப்பம் வீட்டுக்குத் திரும்பி மனைவியிடம் புலம்பினேன்.

"அவர் சொல்றதுல இன்னாங்க தப்பு? கும்பிட்டு சுரங்கத்துல எறங்குனவன் எப்படிப் பேயாவான்?" என்றாள்.

சாப்பிட உட்கார்ந்தேன். என் அண்ணன், உயிரோடு திரும்பாத அந்தக் கடைசி ஷிப்டுக்குப் போன அன்று, கேஜ் வரிசையில் எனக்கு முன்னால்தான் நின்றான். கும்பிட்டுவிட்டுத்தான் ஏறினான்.