பகல் பதினொரு மணி இருட்டு

9 பெப்ரவரி 2025, ஞாயிறு

அக்காவுக்கு வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. படியில் தடுக்கி விழுந்தாள். பகல் பதினொரு மணிக்கு. வீட்டுக்குள்ளே இருக்கிற படியில்!

வீடு என்று எழுதவே கை கூசுகிறது. மண்சரிவில் லயத்து வரிசை வீடுகள் போனதும் பதினொரு குடும்பத்தையும் பழைய தேயிலை ஸ்டோருக்குள் கொண்டுபோய் அடைத்தார்கள். "மூணு மாசம் பொறுத்துக்கங்க" என்றார் தோட்டத்துத் துரை. பதினாலு மாசமாகிறது. ஜன்னலெல்லாம் தகரம் வைத்து அறைந்திருக்கிறது. சாக்குக் கட்டிப் பிரித்த மறைப்புகள். ஒரே ஒரு பல்ப், அதுவும் வாசலில். கையை வைத்துக் கொழுந்தெடுக்கிறவளுக்குக் கை போய்விட்டது. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு எப்படிப் போவாள்?

நான் என்ன செய்ய? பதுளையில் ஷாஹ்மி நானாவின் ஸ்டூடியோவில் கல்யாணப் படம் எடுக்கிறவள். அதைத்தான் செய்ய முடியும்.

11 பெப்ரவரி

எடுத்தேன். நாற்பது படம்.

பிளாஷ் போடவில்லை. போட்டால் குகைகூட நகைக்கடை மாதிரித் தெரியும். பிறகு, "பாருங்க, வெளிச்சமாத்தானே இருக்கு" என்பார்கள். ட்ரைபொட் விரிக்க இடமில்லை. கையில் பிடித்தே எடுத்தேன். ஐஎஸ்ஓ ஏற ஏறக் கெமரா துளி வெளிச்சத்தையும் குடிக்கும். பன்னிரண்டாயிரத்து எண்ணூறுவரை ஏற்றினேன். கை நடுக்கத்தை லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் பார்த்துக்கொண்டது. தோளைத் தூணில் சாய்த்து, மூச்சை அடக்கி, வினாடியில் எட்டில் ஒரு பங்கு ஷட்டரைத் திறந்தேன். ஒரு படம்கூட ஆடவில்லை.

கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

14 பெப்ரவரி

வீடு கேட்டு எழுதிய மனுவும் படங்களும் பிரதேச செயலக அதிகாரி இரகுநாதன் கையில் கொடுத்தாயிற்று. யாழ்ப்பாணத்துக்காரர். மரியாதையாகப் பேசினார்.

6 மார்ச், வியாழன்

கோவத்துல எழுத்து கோணலா வருது, வரட்டும்.

மனு தள்ளுபடியாம்! இரகுநாதன் சேர் என் படங்களையே மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, "நல்ல வெளிச்சமாத்தானே கிடக்கு பிள்ளை, இதில என்ன இருட்டு?" என்றார். கருத்துக் கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதி அனுப்பினாராம். அவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்: மனுதாரரின் படங்களே காட்டுவதுபோல, கட்டடத்தில் போதிய வெளிச்சம் உண்டு.

மனுதாரரின் படங்களே!

படத்தில் அக்கா முகம் தெரிகிறது, சாக்கின் நூல் தெரிகிறது, அவள் விழுந்த படியின் விளிம்பு கத்தி மாதிரித் தெரிகிறது. அந்தப் படி என் கண்ணுக்கே தெரியலையே, காலால தடவித்தானே ஏறினேன்! பொய் சொல்லக் கூடாதுன்னு பிளாஷை அணைச்சேன். கெமரா அதைவிடப் பெரிய பொய்யைச் சொல்லிருக்கு. நான்தான் சொல்ல வச்சேன்.

7 மார்ச்

அக்கா படங்களைப் பார்த்துச் சிரித்தாள். "நீ எடுத்ததுல எங்க வீடு பங்களா மாதிரி இருக்குடி." கோபித்திருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

ஷாஹ்மி நானா: "படம் நல்லா வந்ததுக்கு அழுற ஆள இப்பத்தான் பாக்குறேன்."

நானாவிடம் கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

12 மார்ச், புதன்

பிரதேச செயலகத்தில் பொதுமக்கள் தினம். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். உள்ளே போனதும் இரகுநாதன் சேரிடம் கேட்டேன்: "சேர், உங்கள ஒரு படம் எடுக்கலாமா?"

"என்னையோ? ஏன்?"

"மனுவுக்குத்தான் சேர்."

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். இரண்டு ஜன்னல், மேலே ட்யூப் லைட். ஸ்டோரில் கெமராவுக்கு வைத்த அதே அளவுகள், ஒன்றையும் மாற்றவில்லை. எடுத்தேன். திரையைக் காட்டினேன். வெறும் வெள்ளை.

"என்ன பிள்ளை, இதில ஒண்டுமில்லையே?"

"அதுல நீங்க இருக்கீங்க சேர்."

அவருக்குப் புரியவில்லை. என் குரல் உயர்ந்துவிட்டது. "உங்க ஒபிஸ் வெளிச்சத்துக்குக் கெமரா குருடாப் போச்சு சேர். இதே அளவுலதான் எங்க அக்கா வீட்ட எடுத்தேன். அங்க படம் ஒழுங்கா விழுந்திச்சின்னா, அங்க எவ்வளவு இருட்டு இருக்கணும்? நீங்களே சொல்லுங்க!"

அவர் அந்த வெள்ளைத் திரையையும் மேசையில் கிடந்த படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். தள்ளுபடி என்று எழுதியிருந்த கோப்பை எடுத்தார். மூடினாரா, திறந்தாரா, நான் பார்க்கவில்லை. கண் எரிந்தது.

"எத்தனை மணிக்கு வந்தால் சரியாயிருக்கும்?" என்று கேட்டார்.

"பதினொரு மணிக்கு வாங்க."

20 மார்ச்

இரகுநாதன் சேர் நாள் சொல்லாமலே பதினொரு மணிக்கு ஸ்டோருக்கு வந்தார். வாசலைத் தாண்டி நாலு அடி வைத்ததும் நின்று, சட்டைப்பையில் போனைத் தேடினார். "லைட் போடாதீங்க சேர்" என்றேன். போடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

9 ஏப்ரல்

கடிதம் வந்தது. புது வீடு பற்றி "பரிசீலனையில்". அது வரைக்கும் தோட்ட நிர்வாகம் தகரங்களைக் கழற்றிக் கண்ணாடி போட வேண்டுமாம். பதினாறு மாசம் கழித்து ஜன்னல்! இதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டுமாம்.

சொல்லவில்லை.

11 மே, ஞாயிறு

இன்று கடைசித் தகரமும் இறங்கியது. மலைப்பக்கத்து வெயில் நேரே அக்காவின் அறைக்குள் விழுந்தது. கை கூடிவிட்டது, ஆனால் கொஞ்சம் கோணல். கொழுந்து பறிக்கும்போது வலிக்கிறதாம்.

எல்லாரும் சத்தமாகப் பேசினார்கள். அக்கா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சணம், அதை ஒட்டினாற்போல பிள்ளைகளின் பாய்.

"இதுலயா புள்ளைங்களப் படுக்கப் போட்டேன்" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

நான் கெமராப் பையின் வாரைத் தொட்டிருப்பேன் போல. திரும்பிப் பார்த்துக் கத்தினாள்: "தொடச்சு முடிக்கிற வரைக்கும் ஒருத்தியும் இதைப் படம் எடுக்கக் கூடாது!"

வாளியில் தண்ணீர் பிடித்து வந்தேன். இருட்டும்வரை தேய்த்தோம். பாதிச் சுவர்தான் முடிந்திருக்கிறது.